காசோலைக்கும் வர்த்தமானிக்கும் இடையில்: தேர்தல் பணம் எங்கே வேலை செய்கிறது?

2015 பாராளுமன்றத் தேர்தல் காலத்தில் 10 இலட்சம் ரூபா காசோலை ஒன்றைப் பெற்றுக்கொண்டதாகப் பாராளுமன்ற உறுப்பினர் தயாசிறி ஜயசேகர 2018 இல் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். காசோலையை வழங்கியது வோல்ட் அன்ட் ரோ அசோசியேட்ஸ் என்ற கம்பனி. மத்திய வங்கிப் பிணைமுறி (அரச கடன் பத்திர) விவகாரத்தின் மையத்தில் இருந்த பேர்பெச்சுவல் ட்ரெஷரீஸ் நிறுவனத்தோடு தொடர்புடைய கம்பனி அது. தேர்தல் பிரசாரத்துக்கான நன்கொடையாகவே அதைப் பெற்றதாக அவர் விளக்கமளித்தார்.

அந்த விளக்கம் சரியா பிழையா என்பதைவிட முக்கியமான விடயம் ஒன்று அப்போது கவனிக்கப்படாமலே போனது. தேர்தல் செலவுக்காக யாரிடம் எவ்வளவு வாங்கினோம் என்று ஒரு வேட்பாளர் யாருக்கும் கணக்குக் காட்டவேண்டிய சட்டம் 2015 இல் இலங்கையில் இருக்கவில்லை. பிணைமுறி விசாரணை நடந்திராவிட்டால் அந்தக் காசோலையைப் பற்றி ஒரு வாக்காளரும் அறிந்திருக்க வாய்ப்பில்லை. அதற்குப் பின்னர் 2023 இல் சட்டம் வந்தது, 2024 இல் அதன்கீழ் இரண்டு தேசியத் தேர்தல்களும் நடந்தன. ஆயினும் தேர்தல் பணம், லொபி, இலஞ்சம் ஆகிய சொற்கள் இன்றும் செய்திகளில் ஒன்றோடொன்று கலந்தே வருகின்றன. சட்டம் இவற்றில் எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை என்பதை அறிய, முதலில் அந்தச் சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

மூன்று சொற்கள்

1. இலஞ்சம்: ஒரு குறிப்பிட்ட செயலுக்கு ஈடாகக் கொடுக்கப்படுவது. கொடுப்பவர், வாங்குபவர், கேட்கப்பட்ட காரியம் ஆகிய மூன்றுக்கும் இடையிலான இணைப்பே பெரும்பாலும் இதன் அடையாளம். இலங்கையில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. எல். எம். டி. த சில்வா ஆணைக்குழுவின் விசாரணையையடுத்து 1943 இல் அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபை தன் உறுப்பினர்கள் சிலரையே வெளியேற்றியது. 1960 இல் தல்கொடபிட்டிய ஆணைக்குழு மேலும் சில உறுப்பினர்களைக் குற்றவாளிகளாகக் கண்டது. அவர்களின் குடியியல் உரிமையைப் பறிக்கும் சட்டம் 1965 இல் நிறைவேறியபோது, கல்முனை உறுப்பினர் எம். எஸ். காரியப்பர் அக்காலத்தில் இலங்கையின் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் கோமறைக் கழகம்வரை சென்று வழக்காடித் தோற்றார்.

2. நன்கொடை: குறிப்பிட்ட காரியம் எதையும் கேட்காமல் தேர்தல் செலவுக்குக் கொடுப்பது. கேட்காமல் கொடுத்ததற்குப் பிரதியுபகாரம் எதிர்பார்க்கப்படவில்லை என்று யாரும் நம்புவதில்லை. ஆனால் எதிர்பார்ப்பு என்பது குற்றமல்ல. இலஞ்சத்தில் இருக்கும் அந்த இணைப்பு இங்கே எழுத்திலும் இல்லை, பேச்சிலும் இல்லை. கொடுப்பவருக்கு அதுவே பாதுகாப்பு.

3. லொபி: சட்டமோ வரியோ ஒழுங்குவிதியோ தமக்குச் சாதகமாக அமைய வேண்டுமென்று முடிவெடுப்பவரை அணுகிப் பேசுவது. நம்மூர் வழக்கில் ‘ஆளைப் பிடித்துக் காரியம் பார்ப்பது’ என்பது இதன் கொச்சை வடிவம். அமெரிக்காவில் இது பதிவுசெய்யப்பட்ட தொழில். இலங்கையில் லொபி செய்பவரைப் பதிவுசெய்யச் சொல்லும் சட்டமே கிடையாது. ஆகவே சட்டத்தின் கண்ணில் இங்கே லொபியும் இல்லை, லொபிக்காரரும் இல்லை.

நடைமுறையில் இரண்டாவது மூன்றாவதற்கு வழி திறக்கிறது. நன்கொடை கொடுத்தவரின் தொலைபேசி அழைப்புக்கு அமைச்சரிடமிருந்து பதில் கிடைக்கும், மற்றவர் செயலாளரின் மேசைக்கு அப்பால் போகமாட்டார். பணம் பெரும்பாலும் வாங்குவது வாக்கை அன்று, அந்தச் சந்திப்பையே.

ஒரு வேட்பாளருக்கு ஏன் இவ்வளவு பணம்?

தேர்தல் செலவுக்கு உச்சவரம்பு என்பது 2023 இல் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஒன்றல்ல. 1946 ஆம் ஆண்டின் தேர்தல் கட்டளை வேட்பாளரின் செலவுக்கு எல்லை வகுத்து, கணக்கு அறிக்கையும் கேட்டது. 1981 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டம் வந்தபோது அந்த எல்லை காணாமற்போனது. செலவு பன்மடங்காகப் பெருகப்போகும் ஒரு தேர்தல் முறைக்கு நாடு மாறிக்கொண்டிருந்த அதே காலத்தில் வரம்பு எடுபட்டதை, வெறும் கவனக்குறைவு என்று கொள்வது கடினம்.

1978 அரசியலமைப்பு கொண்டுவந்த விகிதாசார முறையில் முதலாவது பொதுத் தேர்தல் 1989 இல் நடந்தது. அதற்கு முன்னர் வேட்பாளர் தம் தொகுதிக்குள் வீடுவீடாகப் போனால் போதும். இப்போது மாவட்டம் முழுவதும் போகவேண்டும். கொழும்பு மாவட்டத்தை எடுத்துக்கொண்டால், 2024 இல் அங்கே 17 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர், 18 ஆசனங்கள். ஒரு கட்சி ஆசன எண்ணிக்கையைவிட 3 பேரை அதிகமாக நிறுத்த வேண்டும் என்பதால், ஒவ்வொரு பட்டியலிலும் 21 பெயர்கள். அந்தப் பட்டியலில் விரும்பியவர்களுக்கு இட வாக்காளருக்கு இருப்பதோ 3 விருப்பு வாக்குகள். எனவே ஒரு வேட்பாளரின் உடனடிப் போட்டியாளர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர், அதே பட்டியலிலுள்ள மற்ற 20 பேர். கட்சிச் சின்னத்துக்குக் கட்சி செலவிடும், விருப்பு இலக்கத்தை மக்கள் மனதில் பதிக்கும் செலவு அவரவர் தலையில். மட்டக்குளியிலிருந்து அவிசாவளைவரை சுவரொட்டி, காலி வீதியில் பதாகை, தொலைக்காட்சி விளம்பரம், இப்போது முகநூல் விளம்பரமும்.

ஒரு எளிய கணக்கு இதைத் தெளிவாக்கும். ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் அடிப்படை மாதக் கொடுப்பனவு 54,285 ரூபா. முழுமையாக ஐந்து ஆண்டுகள் பதவியிலிருந்தால் அது 32,57,100 ரூபா ஆகும். ஏனைய படிகளை இதில் சேர்க்கவில்லை. கொழும்பின் 17 இலட்சம் வாக்காளரில் ஒவ்வொருவருக்கும் 10 ரூபா மட்டும் செலவிட்டாலும் 1 கோடி 70 இலட்சம் ரூபா தேவை. சொந்தச் சொத்து இல்லாதவர், கட்சியின் பேரலையில் தொற்றிக்கொண்டு வராதவர், யாரோ ஒருவரிடம் வாங்காமல் இந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது. அந்த யாரோ ஒருவர் யார் என்பதில்தான் விடயம் இருக்கிறது.

2023 சட்டம் எதைப் பார்க்கிறது?

2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவினங்களை ஒழுங்குபடுத்தல் சட்டம் மூன்று வேலைகளைச் செய்கிறது. ஒவ்வொரு தேர்தலுக்கும் செலவு உச்சவரம்பைத் தீர்மானிக்கும் அதிகாரத்தைத் தேர்தல் ஆணைக்குழுவுக்கு வழங்குகிறது. அரச நிறுவனங்கள், வெளிநாட்டு அரசாங்கங்கள், வெளிநாட்டுக் கம்பனிகள், அடையாளம் தெரியாதோர் ஆகியோரிடமிருந்து பணம் பெறுவதைத் தடுக்கிறது. பெறுபேறு வெளியாகி 21 நாட்களுக்குள், கிடைத்த நன்கொடையையும் செய்த செலவையும் காட்டும் அறிக்கையைக் கேட்கிறது. தனிப்பட்ட வேட்பாளருக்கு மட்டுமன்றிக் கட்சிச் செயலாளருக்கும் இந்தக் கடமை உண்டு.

2024 ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 109 ரூபா என்று வரம்பு விதிக்கப்பட்டது. பதிவுசெய்யப்பட்ட 17,140,354 வாக்காளரால் பெருக்கினால், ஒரு வேட்பாளர் சட்டப்படி செலவிடக்கூடிய தொகை 1,868,298,586 ரூபா, அதாவது ஏறக்குறைய 187 கோடி. தேர்தல் நாளன்று களத்தில் இருந்தவர்கள் 38 பேர். அவர்களில் பெரும்பாலானோர் இந்தத் தொகையை எண்ணிப் பார்த்திருக்கவும் மாட்டார்கள். முன்னணியிலிருந்த மூவர் நால்வருக்கு மட்டுமே வரம்பு என்பது பொருளுள்ள ஒன்று.

சட்டம் பாராததும் உண்டு. ஒருவர் இவ்வளவுக்கு மேல் நன்கொடை கொடுக்கக்கூடாது என்ற எல்லை அதில் இல்லை. ஒரே முதலாளி ஒரு வேட்பாளரின் முழுச் செலவையும் ஏற்றாலும், பெயரைக் காட்டிவிட்டால் போதும். தேர்தலுக்கும் தேர்தலுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அரசியல்வாதிக்குப் போகும் பணமும் இதில் அகப்படாது. வெற்றி பெற்ற பின்னர் அந்த நன்கொடையாளர் எந்த அமைச்சின் படியேறினார் என்பதும் அகப்படாது. சட்டத்தின் பெயரிலேயே ‘செலவினம்’ என்றுதான் இருக்கிறது. செல்வாக்கு, செலவுக்குப் பின்னால் வருவது.

எந்தக் கதவால் நுழைகிறது?

அமெரிக்க நிலைமையை விளக்கும் கட்டுரைகளை அப்படியே கொழும்புக்குப் பொருத்துவது பிழையான முடிவுக்கே இட்டுச்செல்லும். வொஷிங்டனில் கொங்கிரஸ் உறுப்பினர் தாமே சட்டமூலம் எழுதலாம், கட்சியை மீறி வாக்களிக்கலாம். ஆகவே அங்கே ஒவ்வொரு உறுப்பினரும் லொபிக்காரருக்கு ஓர் இலக்கு. இங்கே முக்கியமான சட்டமூலங்கள் அமைச்சரவையிலிருந்து வருகின்றன, உறுப்பினர் கட்சிக் கொறடாவின் சொற்படி கையுயர்த்துகிறார். சாதாரண காலத்தில் பின்வரிசை உறுப்பினர் ஒருவரின் வாக்குக்குச் சந்தைப் பெறுமதி மிகக் குறைவு. எனவே பணம் வேறு இடங்களைத் தேடுகிறது.

1. வர்த்தமானி, அதாவது அரசின் உத்தியோகபூர்வ அறிவித்தல் ஏடு. இதுவே மிகப் பெரிய கதவு என்பது என் மதிப்பீடு. 2007 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்க விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டத்தின்படி, சீனி, பருப்பு, வெங்காயம் போன்றவற்றின் இறக்குமதி வரியை நிதியமைச்சர் ஒரு கட்டளையால் மாற்றலாம். பாராளுமன்ற அங்கீகாரம் பிறகுதான். 2020 ஒக்டோபர் 13 ஆம் திகதி ஒரு கிலோ சீனிக்கான அறவீடு 50 ரூபாவிலிருந்து 25 சதமாக ஒரே இரவில் குறைக்கப்பட்டது. சொல்லப்பட்ட நோக்கம் நுகர்வோருக்கு விலையைக் குறைப்பது. கடையில் விலை அந்த அளவுக்கு இறங்கவில்லை, அரசாங்கம் இழந்த வருமானமோ 15 பில்லியன் ரூபாவுக்கும் மேல் என்று பின்னர் பாராளுமன்றக் குழுவிலேயே பேசப்பட்டது.

இந்த மாற்றத்துக்கும் தேர்தல் நன்கொடைக்கும் தொடர்பு இருந்ததாக நான் சொல்லவில்லை. காட்ட விரும்புவது பொறிமுறையை. வரி மாறப்போகும் நாளை ஒருவர் முன்கூட்டியே அறிந்திருந்தால், சரக்கைச் சுங்கப் பண்டசாலையில் நிறுத்திவைத்தே கோடிக்கணக்கில் உழைக்கலாம். புறக்கோட்டை நான்காம் குறுக்குத்தெருவில் மூட்டை விற்கும் சிறு வியாபாரி வர்த்தமானியைக் காலையில் பத்திரிகையில்தான் பார்ப்பார். அமைச்சைச் சந்தித்தவர்களின் பெயர்ப் பதிவேடு ஒன்று சட்டப்படி பகிரங்கமாக இருந்திருந்தால், இருவருக்கும் இடையிலான அந்த ஒரு இரவின் இடைவெளி எதனால் ஏற்பட்டது என்று யாராவது கேட்டிருக்க முடியும்.

2. அனுமதிப்பத்திரம். மதுபானக் கடை உரிமம் இதற்குக் கண்முன்னுள்ள உதாரணம். 2024 இல் வழங்கப்பட்ட 300 க்கும் மேற்பட்ட உரிமங்களின் பட்டியல் அந்த ஆண்டு டிசெம்பரில் பாராளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது. கிளிநொச்சி அதில் அதிகம் பேசப்பட்டது. பட்டியலில் உரிமம் பெற்றவர் இருந்தார். சிபாரிசு செய்தவர் யார் என்பதே மக்கள் கேட்ட கேள்வி, அதற்கான விடை அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. கையில் காசு கைமாறத் தேவையில்லாத அன்பளிப்பு இது. அரசாங்கம் அச்சிடும் ஒரு கடதாசி, பெறுபவர் கையில் பல கோடியாகிறது.

3. குழுநிலைத் திருத்தம். ஒரு சட்டமூலம் வர்த்தமானியில் வெளியாகிப் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெற்றதும் அதை உயர் நீதிமன்றத்தில் சவாலுக்குட்படுத்தலாம். ஆனால் விவாதத்தின் கடைசிக் கட்டமான குழுநிலையில் புகுத்தப்படும் திருத்தத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. சட்டம் நிறைவேறிய பின்னர் அதன் செல்லுபடித்தன்மையை நீதிமன்றம் ஆராய அரசியலமைப்பு இடமளிப்பதுமில்லை. 2017 இல் மாகாண சபைத் தேர்தல் சட்டத்திருத்தம் குழுநிலையில் முற்றாக உருமாறியதையும், அந்தத் தேர்தல் அதன் விளைவாகவே தடைப்பட்டுப் போனதையும் நினைவிற்கொண்டால், ஒரு மாலைப்பொழுதில் எவ்வளவு செய்யலாம் என்பது விளங்கும்.

4. தனி வாக்கு. பெரும்பான்மை ஊசலாடும்போது மட்டும் பின்வரிசை உறுப்பினரின் விலை ஏறுகிறது. 2018 ஒக்டோபர் 26 ஆம் திகதி பிரதமர் பதவி தொடர்பாகத் தொடங்கிய 52 நாள் நெருக்கடியின்போது, கட்சி மாறுவதற்கு உறுப்பினர்கள் 50 கோடி ரூபாவரை கேட்டதாக அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவே கூறினார். 2024 நவம்பர் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 225 இல் 159 ஆசனங்களைப் பெற்றது. மூன்றிலிரண்டுக்கு வேண்டியது 150. தனி வாக்குச் சந்தை அத்தகைய சபையில் படுத்துவிடும், ஆனால் முதல் மூன்று கதவுகளுக்கும் ஆசன எண்ணிக்கைக்கும் தொடர்பில்லை.

வொஷிங்டனும் இலங்கைப் பணமும்

அமெரிக்காவில் லொபிக்காரர் பதிவுசெய்துகொள்ள வேண்டும் என்பது 1995 ஆம் ஆண்டின் சட்டம். யாருக்காக, எந்த விடயத்தில், எவ்வளவு பெற்றோம் என்று காலாண்டுக்கு ஒருமுறை அறிக்கையிட வேண்டும். வெளிநாட்டு அரசுகளுக்காக வேலை செய்பவர்களுக்கு 1938 இலிருந்தே தனிச் சட்டம் உண்டு. வேட்பாளருக்குக் கம்பனிகள் நேரடியாகப் பணம் கொடுப்பது 1907 இலிருந்து தடை. ஆனால் வேட்பாளரோடு கலந்து பேசாமல், தாமாகவே அவருக்குச் சார்பாகக் கம்பனிகள் எல்லையின்றிச் செலவிடலாம் என்று 2010 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்த்தது. வாசலைப் பூட்டி, ஜன்னலைக் கழற்றிவைத்த மாதிரி.

இந்த ஏற்பாட்டுக்குள் இலங்கையும் ஒருமுறை விழுந்து எழும்பியது. 2014 இல், போர்க்கால மனித உரிமைக் குற்றச்சாட்டுகளால் கெட்டிருந்த பெயரை அமெரிக்காவில் திருத்திக்கொள்ள, இமாட் சுபேரி என்ற தரகரை இலங்கை அரசாங்கம் அமர்த்தியது. 6 மாதங்களில் 85 இலட்சம் டொலர் என்பது பேச்சு. 65 இலட்சம் டொலர் உடனடியாகவே அனுப்பப்பட்டது. அதில் 56 இலட்சம் டொலருக்கும் மேல் அவர் தமக்கும் தம் மனைவிக்குமே பயன்படுத்திக்கொண்டதாகவும், உண்மையான லொபி நிறுவனங்களுக்கும் சட்டத்தரணிகளுக்கும் போனது 8.5 இலட்சத்துக்கும் குறைவே என்றும் அமெரிக்க நீதித் திணைக்களம் கூறியது. வெளிநாட்டு முகவர் பதிவுச் சட்டத்தை மீறியமை, சட்டவிரோதத் தேர்தல் நன்கொடை முதலிய குற்றங்களுக்காக 2021 இல் அவருக்கு 12 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. 2025 இல் ஜனாதிபதி ட்ரம்ப் அந்தத் தண்டனையைக் குறைத்தார். 2017 இல் ட்ரம்பின் பதவியேற்பு விழா நிதிக்கு 9 இலட்சம் டொலர் கொடுத்தவர் இதே சுபேரிதான்.

நமது பொதுப் பணம் எங்கே போனது என்பதை அமெரிக்க நீதிமன்ற ஆவணத்திலிருந்து நாம் அறிந்துகொண்டோம். இன்னொரு விடயத்திலும் இப்படியே நடந்தது. அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைக் கட்டிய சைனா ஹார்பர் நிறுவனத்தின் கணக்கிலிருந்து, 2015 ஜனாதிபதித் தேர்தல் காலத்தில் மஹிந்த ராஜபக்ஷவின் பிரசாரத் தரப்பினருக்கு 76 இலட்சம் டொலர் போனதாக 2018 ஜூனில் நியூயோர்க் டைம்ஸ் எழுதியது. ராஜபக்ஷ தரப்பு அதை மறுத்தது. 2015 இல் தேர்தல் கணக்கு அறிக்கை என்ற ஒன்றே இல்லாதபடியால், எழுதியதையும் மறுத்ததையும் ஒப்பிட்டுப் பார்க்க இலங்கை வாக்காளரின் கையில் ஆவணம் எதுவும் இருக்கவில்லை.

பெயர் வெளியிடாமல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பெப்ரவரி 15 ஆம் திகதி இந்திய உயர் நீதிமன்றம் செல்லாதென்று தீர்த்ததும் முக்கியமாக இந்தக் காரணத்தால்தான்: கொடுத்தவர் யாரென்பதை வாக்காளரிடமிருந்து மறைக்கக்கூடாது.

அணுகுவதே குற்றமா?

இல்லை. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளப் போராட்டம் முழுவதுமே ஒருவகையில் லொபிதான். 2024 மே தினத்தையொட்டி 1,700 ரூபா அறிவிக்கப்பட்டது, தோட்டக் கம்பனிகள் உயர் நீதிமன்றம் சென்றன, அறிவிப்பு இடைநிறுத்தப்பட்டது, செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக வந்து நின்றது. தொழிற்சங்கங்களும் அமைச்சர்களை அணுகின, கம்பனிகளும் அணுகின. தம் நலனை ஆட்சியாளரிடம் எடுத்துச்சொல்லும் உரிமை இரு தரப்புக்கும் உண்டு. அதைத் தடுத்தால் முதலில் வாய் அடைபடுவது தோட்ட லயத்திலிருக்கும் தொழிலாளருக்கே.

வேறுபாடு எங்கே என்றால், தொழிற்சங்கம் கேட்பது ஹட்டன் நகரில் ஒலிபெருக்கியில் கேட்கிறது. மற்றத் தரப்பு கேட்பது கொள்ளுப்பிட்டி ஹோட்டல் ஒன்றின் மதிய போசனத்தில் கேட்கிறது. பதிவேடு கோருவது அந்த மேசையை மூடுவதற்காக அல்ல. மேசையில் யார் யார் இருந்தார்கள், எந்த விடயம் பேசப்பட்டது, அந்த விடயத்தில் பின்னர் என்ன முடிவு வந்தது என்ற மூன்று நிரல்களுக்காகவே.

அறிக்கையை எப்படிப் படிப்பது?

அத்தகைய பதிவேடு வரும்வரை, இருக்கும் ஆவணங்களை அருகருகே வைத்துப் பார்ப்பதே வழி. வேட்பாளர்கள் தேர்தல் ஆணைக்குழுவுக்குக் கொடுக்கும் அறிக்கைகளைப் பொதுமக்கள் பார்வையிடலாம். அதில் செலவுப் பக்கத்தைவிட வரவுப் பக்கத்தை முதலில் படியுங்கள். மொத்தச் செலவையும் ‘சொந்தப் பணம்’ என்று ஒருவர் காட்டியிருந்தால், 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின்கீழ் இலஞ்ச ஊழல் ஆணைக்குழு இணையத்தில் வெளியிடும் அவரது சொத்து விவரத்தில் அவ்வளவு பணம் இருந்ததா என்று பாருங்கள். நன்கொடையாளர் பெயர்கள் இருந்தால், அவற்றைக் கம்பனிப் பதிவாளரிடமுள்ள பணிப்பாளர் பெயர்களோடும், அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் வெளியாகும் உரிமங்கள், கேள்விப்பத்திர முடிவுகளோடும் ஒப்பிடலாம். அமைச்சின் கோப்பு தேவைப்பட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம்.

பெரிய பதாகைகள் தெருவெங்கும் தொங்கியிருக்க, அறிக்கையில் அச்சுச் செலவு சிறிதாக இருந்தால், யாரோ அதை இலவசமாக அடித்துக் கொடுத்திருக்கலாம். அந்த அச்சக உரிமையாளருக்கு அடுத்த பாடப்புத்தகக் கேள்விப்பத்திரம் கிடைத்ததா என்பது, தேர்தல் முடிந்து எல்லோரும் மறந்துபோன ஒரு மாதத்தில் தெரியவரும்.